பேக்டரி மூடிடுச்சா?

“பேக்டரி மூடிடுச்சும்மா. இனிமே வெளியிலேருந்துதான் எடுத்துக்கணும்.”

பெரம்பலூரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவர் என் அம்மாவிடம் சொன்னது இது. பதினாறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த முறை மூன்று மாதச் சராசரி பார்த்ததில் எண் ரொம்பவும் ஏறியிருந்தது. இன்சுலின் ஆரம்பிக்க வேண்டும். அதை எளிமையாகப் புரியவைக்கத்தான் அவர் அந்த உதாரணத்தை எடுத்தார். கணையம் ஒரு பேக்டரி, இன்சுலின் அதன் சரக்கு, பேக்டரி மூடிவிட்டது. அரை நிமிடத்தில் விஷயம் முடிந்தது. எனக்கும் அப்போது நல்ல விளக்கமாகத்தான் பட்டது.

அரியலூருக்குத் திரும்பும் பேருந்தில் அம்மா எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, காபி போட்டு, என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “மூடுற அளவுக்கு நான் என்னப்பா பண்ணிட்டேன்?”

எங்கள் ஊரில் பேக்டரி மூடிவிட்டது என்று சொன்னால் அது வெறும் தகவல் இல்லை. என் மாமா ஒரு சிமென்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். வேலை நின்ற வருடம் அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த விதம் அம்மாவுக்குத் தெரியும். மூடிய ஆலை திறக்காது. மூடியதற்கு யாரோ ஒருவர் காரணமாக இருப்பார். அம்மா அந்த வாக்கியத்தை அதன் முழு அர்த்தத்தோடு எடுத்துக்கொண்டாள். அதில் தப்பு சொல்ல முடியாது. வாக்கியம் அதைத்தான் சொன்னது.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றிய விமர்சனம். மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அந்த உருவகத்தை உண்டாக்கவில்லை. நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார். ஒரு கவிதையின் உருவகம் பொருந்துகிறதா, எங்கே இடறுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நம் உடம்பைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட உருவகங்களை யாரும் அப்படி உட்கார்ந்து வாசித்ததாகத் தெரியவில்லை.

1

அரியலூரில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் வழியே புகைபோக்கி தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி போனால் வகுப்பே ஒரு நிமிடம் நிற்கும். பெஞ்சைத் துடைத்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும்.

அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்து, உள்ளே சின்னச் சின்னதாகப் படங்கள் போட்டார். மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம். ரைபோசோம் புரதத் தொழிற்சாலை. லைசோசோம் தற்கொலைப் பை. கோல்கை உறுப்பு சரக்குகளைக் கட்டி அனுப்பும் இடம். “அதோ தெரியுது பாரு, அந்த மாதிரிதான்” என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். இருபது வருடம் கழித்தும் ரைபோசோம் என்றால் எனக்கு முதலில் புகைபோக்கிதான் வருகிறது. அவர் நல்ல ஆசிரியர்.

இந்த உருவகம் இவ்வளவு காலம் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. செல்லுக்குள் வேலைகள் தனித்தனி இடங்களில் நடக்கின்றன, ஒரு வரிசையில் நடக்கின்றன, கடைசியில் ஒரு பொருள் வெளியே போகிறது. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் தொழிற்சாலையை விட்டால் வேறு சொல் கிடைப்பது கஷ்டம். இந்த வரிசையைக் கண்டுபிடித்த வேலையே கணையத்தில்தான் நடந்தது. ஜார்ஜ் பலாடே, ஜேம்ஸ் ஜேமிசன் இருவரும் 1967-ல் கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்கம் கொண்ட அமினோ அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் கொடுத்து, அது எங்கே போகிறது என்று நேரம் குறித்துப் பின்தொடர்ந்தார்கள். முதலில் எண்டோபிளாச வலை, பிறகு கோல்கை, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துச் சுரப்புத் துகள்கள். செல்லுக்குள் ஒரு பாதை இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பலாடேவுக்கு 1974-ல் நோபல் பரிசு.

ஆக, உருவகம் பொய்யில்லை. அது எந்த இடத்தில் உடைகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே ஒரு சரக்கைப் பின்தொடர்ந்தால் போதும். அம்மாவின் சரக்கையே எடுத்துக்கொள்வோம்.

2

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். எந்தப் புரதத்திலாவது அமினோ அமிலங்கள் என்ன வரிசையில் இருக்கின்றன என்று மனிதர் முதலில் முழுதாகக் கண்டறிந்தது இதில்தான். பிரெடரிக் சாங்கருக்கு அதற்காக 1958-ல் நோபல் கொடுத்தார்கள். ஆனால் செல் இதை 51 ஆகச் செய்வதில்லை. முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியாகக் கோக்கிறது. மனித செல்லின் ரைபோசோம் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களைச் சேர்க்கும். 110-ஐக் கோத்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

அதில் முதல் 24 ஒரு முகவரி. இந்தச் சங்கிலி எண்டோபிளாச வலைக்குள் போக வேண்டும் என்பது சங்கிலியின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. புரதங்கள் தாம் போக வேண்டிய இடத்தைத் தமக்குள்ளேயே கொண்டிருக்கின்றன என்று காட்டியதற்காக குந்தர் புளோபெலுக்கு 1999-ல் நோபல் கிடைத்தது. இதை விளக்குபவர்கள் எல்லோரும் அஞ்சல் குறியீட்டு எண் என்கிறார்கள். அரியலூருக்கு 621704 மாதிரி.

இந்த உதாரணமும் பாதி தூரம்தான் வருகிறது. பின்கோடு உறைமேல் எழுதுவது. கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செல்லில் உறை கிடையாது. பள்ளியில் கடிதம் எழுதச் சொன்னால் ‘பெறுநர்’ என்று முதலில் எழுதுவோமே, அது மாதிரி கடிதத்தின் முதல் வரியே முகவரி. இன்னொன்று, கடிதம் முழுக்க எழுதி முடிவதற்கு முன்பே, அந்த முதல் வரி வெளியே வந்தவுடனேயே, அதைப் படித்துவிட்டு ரைபோசோமை வலையின் வாசலுக்கு இழுத்துப் போகிறார்கள். மீதிக் கடிதம் அங்கே வைத்து உள்ளே தள்ளித் தள்ளி எழுதப்படுகிறது. உள்ளே போனதும் பெறுநர் பகுதியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். 110 இப்போது 86.

அந்த 86-க்குள் மூன்று பகுதிகள் உண்டு. இரண்டு முனைகளிலும் இன்சுலினின் இரண்டு சங்கிலிகள், நடுவில் ஓர் இணைப்பு. நடுப்பகுதி இருப்பதால் இரண்டு முனைகளும் சரியான கோணத்தில் ஒன்றையொன்று பார்த்து மடிகின்றன. கந்தக அணுக்கள் மூன்று இடங்களில் பிணைந்து அந்த மடிப்பைப் பூட்டுகின்றன. பிறகு கோல்கை வழியாகத் துகள்களுக்குள் போனதும் நடுப்பகுதி வெட்டப்படுகிறது. 31 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தத் துண்டுக்குப் பெயர் சி-பெப்டைடு. வெட்டும் இடங்களில் இருந்த நான்கும் போக, மீதி 51. துகளுக்குள் இன்சுலின் ஆறு ஆறாகத் துத்தநாகத்தைச் சுற்றிக் கூடிப் படிகமாக உறைந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வரை காத்திருக்கிறது.

சிமென்ட் ஊர்க்காரனுக்கு இங்கே சென்ட்ரிங் ஞாபகம் வராமல் இருக்காது. கான்கிரீட் இறுகும் வரை பலகையும் முட்டும் வேண்டும். இறுகியதும் பிரித்துவிடுவார்கள். ஆனால் சென்ட்ரிங் பலகை தளத்தின் பகுதியல்ல, வாடகைக்கு எடுத்துவந்தது. இங்கே முட்டும் தளமும் ஒரே வார்ப்பு. இறுகிய பிறகு அது இரண்டு இடங்களில் அறுக்கப்படுகிறது. நான் எந்த உதாரணம் எடுத்தாலும் இரண்டாவது வரியில் ‘ஆனால்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. அந்த ‘ஆனால்’ வரும் இடத்தில்தான் எனக்கு செல் கொஞ்சம் புரிந்தது.

தொழிற்சாலை உருவகம் மறைப்பது இதையெல்லாம்தான். ஆலையில் சரக்குக்கு ஒன்றும் தெரியாது. லாரி ஓட்டுநருக்குத்தான் முகவரி தெரியும். செல்லில் முகவரி சரக்குக்குள் இருக்கிறது. ஆலையில் இயந்திரம் வேறு, சரக்கு வேறு. செல்லில் வெட்டுவது, மடிப்பது, சுமப்பது, கதவு திறப்பது எல்லாம் பெரும்பாலும் புரதங்களே; எல்லாம் அதே ரைபோசோம்களில் கோக்கப்பட்டவை. தவறாக மடிந்த சங்கிலியை வலையிலிருந்து வெளியே இழுத்து, துண்டு துண்டாக்கி, அதே அமினோ அமிலங்களை அடுத்த சங்கிலிக்குப் பயன்படுத்துகிறது. தன் சுவரையே நாள்தோறும் பிரித்துக் கட்டும் ஆலையை நான் பார்த்ததில்லை.

‘மூடிடுச்சு’ என்ற சொல் தடுமாறுவதும் இங்கேதான். அம்மாவுக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையத்தின் பீட்டா செல்கள் இன்னும் இன்னும் என்று சுரக்க வேண்டியிருக்கிறது. எண்டோபிளாச வலையில் மடிக்க வேண்டிய சங்கிலிகள் குவிகின்றன. சரியாக மடியாதவை சேர்கின்றன. அப்போது செல் ஓர் எச்சரிக்கைக்குப் போகிறது. புதிதாகக் கோப்பதைக் குறைக்கிறது, மடிக்க உதவும் புரதங்களைக் கூட்டுகிறது, வலையையே பெரிதாக்குகிறது, கெட்டவற்றைக் கழிக்கிறது. இவ்வளவும் செய்து சமாளிக்க முடியாமல் போகும்போதுதான் சில செல்கள் சாகின்றன. சில சாகாமலேயே தம் வேலையை மறந்தது போல ஆகிவிடுகின்றன. இது ஒரு நாளில் பூட்டுப் போட்ட கதையில்லை. பல வருடம் கூடுதல் வேலை பார்த்தவர்களின் கதை. எங்கள் ஊரில் இதற்கும் உதாரணம் உண்டு. ஆனால் அந்த உதாரணத்தை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

3

பள்ளிப் பாடத்தில் இன்னொரு உருவகமும் ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலை சத்தத்தில் அது காதில் விழாமலே போய்விட்டது. டி.என்.ஏ-விலிருந்து ஆர்.என்.ஏ உண்டாவதை நம் பாடநூல் ‘படியெடுத்தல்’ என்கிறது. ஆர்.என்.ஏ-விலிருந்து புரதம் உண்டாவதை ‘மொழிபெயர்த்தல்’ என்கிறது. இரண்டும் ஆலைச் சொற்கள் இல்லை, ஏட்டுச் சொற்கள்.

படியெடுத்தல் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர் ஞாபகம் வருவார். உ.வே.சாமிநாதையர் சின்ன வயதில் இருந்த ஊர்களில் அரியலூரும் குன்னமும் உண்டு. அரியலூர் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றார். பெரம்பலூர் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை படித்தார். 1887-ல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்த வேலை, பல ஏட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு, படியெடுத்தவன் எங்கே கை தவறினான் என்று கண்டுபிடிப்பது. ஏடு செல்லரித்துப் போகும், படியெடுத்தால்தான் பிழைக்கும், படியெடுத்தால் பிழை வரும். உயிரின் முழுப் பிரச்சினையும் இதுவேதான். டி.என்.ஏ-வைப் படியெடுக்கும் நொதிகள் தாம் எழுதியதைத் தாமே திரும்பிப் பார்த்துத் திருத்துகின்றன. ரைபோசோம் அவ்வளவு கறார் இல்லை. சில ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தவறான அமினோ அமிலம் நுழைந்துவிடும். அதோடு வாழ செல் பழகியிருக்கிறது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஏட்டு உருவகத்தின் புதுப் பதிப்பு ரொம்பப் பிடிக்கும்: டி.என்.ஏ ஒரு கோடு, செல் அதை ஓட்டும் கணினி. நானே பலமுறை அப்படிப் பேசியிருக்கிறேன். காபி இடைவேளையில் கேட்பவர்கள் உடனே தலையாட்டுவார்கள். கோடு எழுதியவனுக்கு அது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைக்க ஆசை.

அந்த ஆசையைக் கலைக்கும் ஒரு புரதம் சென்னைக்கு நெருக்கமானது. ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954–55 காலத்தில் கொலாஜனுக்கு மூன்று இழை முறுக்கிய வடிவத்தை முன்வைத்தார்கள். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதம் அது. அந்த முறுக்கு அவிழாமல் இருக்க ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் வேண்டும். டி.என்.ஏ-வில் அதற்கு எழுத்தே கிடையாது. மரபணுவில் எழுதியிருப்பது வெறும் புரோலின். சங்கிலி எண்டோபிளாச வலைக்குள் வந்த பிறகு, ஒரு நொதி சில புரோலின்களைத் தேர்ந்து மாற்றுகிறது. அந்த நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி தேவை. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கிடைக்காத கப்பல் மாலுமிகளுக்கு ஈறு அழுகிப் பழைய புண் திறந்துகொண்டது இதனால்தான். அவர்களுடைய கோடில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு செய்ய வேண்டிய திருத்தம் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அதாவது எழுதியது மட்டும் பிரதி இல்லை. மொழிபெயர்ப்புக்குப் பிறகும் திருத்தம் நடக்கிறது, அந்தத் திருத்தம் நேற்றுச் சாப்பிட்ட சாப்பாட்டைப் பொறுத்தது. இப்படி ஒரு கம்ப்யூட்டரில் நான் வேலை பார்த்ததில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் செல்லுக்குக் ‘கலம்’ என்று பெயர். மைட்டோகாண்ட்ரியா ‘இழைமணி’. எண்டோபிளாச வலை ‘அகமுதலுருச் சிறுவலை’. நாம் புரத உற்பத்தி என்று பழகியதை அங்கே ‘புரதத் தொகுப்பு’ என்கிறார்கள். முதலில் படித்தபோது வாயில் நுழையவில்லை. பிறகு யோசித்தேன். கலம் என்றால் பாத்திரம், கப்பல், அணிகலன். ஏந்துகிறது, சுமந்து போகிறது. தொகுப்பு என்ற சொல்லில் வரிசைதான் முன்னால் நிற்கிறது. கவிதைத் தொகுப்பில் எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்பது முக்கியமாவது போல. இந்தச் சொற்களும் முழு உண்மையைச் சொல்லிவிடவில்லை. ஆனால் அந்தச் சொற்களோடு வளர்ந்த ஒரு மருத்துவர் என் அம்மாவிடம் வேறு மாதிரி ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு என்று தோன்றுகிறது.

4

ஜெயங்கொண்டம் தாண்டி கிழக்கே போனால் சிதம்பரம். ரைபோசோமின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-ல் அங்கே பிறந்தவர். வளர்ந்தது பரோடா. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின், இதில் தனக்கு எதிர்காலம் இல்லை என்று உயிரியலுக்கு மாறினார். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். அவர் 2018-ல் எழுதிய நினைவுநூலின் பெயர் ‘ஜீன் மெஷின்’.

அறிவியலாளர்கள் எழுதும் சுயசரிதைகளில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாத புத்தகத்தை நான் அதிகம் படித்ததில்லை. போட்டி, பயம், அடுத்த குழு முந்திவிடுமோ என்ற பதற்றம், பரிசுக்காகக் காத்திருப்பவர்களைப் பிடிக்கும் நோயைப் பற்றிய கிண்டல் எல்லாம் இருக்கிறது. அந்தக் கிண்டலில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். பரிசு பெற்ற கதையை மட்டும் எதிர்பார்த்துத் திறந்தால், படிகம் உருவாகாமல் போன நாட்கள்தான் அதிகம் வரும். நம் ஊர்ப் பத்திரிகைகள் 2009-ல் ‘தமிழர்’ என்று அவரைக் கொண்டாடிய பக்கங்களைவிட, எதில் இறங்குவது என்று தெரியாமல் தடுமாறிய ஒரு இளைஞன் இந்தப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறான்.

எனக்கு இருக்கும் மாற்றுக்கருத்து தலைப்போடுதான். மெஷின். புத்தகம் கண்டுபிடித்துச் சொல்லும் விஷயமே அந்தச் சொல்லைச் சங்கடப்படுத்துகிறது. ரைபோசோமில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. ஆனால் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நடு இடத்தில் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. புரதம் செய்யும் இடத்தின் மையத்தில் புரதம் இல்லை. புரதங்கள் வருவதற்கு முந்தைய ஏதோ ஒரு காலத்தின் எச்சம் அது என்று கருதுகிறார்கள். எந்த மெஷினும் தன் வயிற்றுக்குள் தன் பழைய வரலாற்றை இப்படிச் சுமப்பதில்லை.

அடுத்தது, வேலை நடக்கும் விதம். கன்வேயர் பெல்ட்டில் உதிரிபாகம் வரிசையாக வருவது போல அமினோ அமிலங்கள் வருவதில்லை. அரியலூர் பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர் வண்டி வந்து நின்றதும் நடப்பதுதான் அங்கே நடக்கிறது. எல்லாரும் முட்டுகிறார்கள். தப்பான ஆள் ஏறப் பார்க்கிறான், இறக்கிவிடப்படுகிறான். சரியான ஆள் உட்காரும்வரை இது தொடர்கிறது. அந்த முட்டல் வெப்பத்தால் மூலக்கூறுகளுக்குள் எப்போதும் இருக்கும் ஆட்டம். அந்த ஆட்டத்தைத் தடுத்து அல்ல, அதையே வைத்துக்கொண்டுதான் ரைபோசோம் முன்னே நகர்கிறது. ராமகிருஷ்ணனின் குழு செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, சரியான ஆளை ரைபோசோம் எப்படி அடையாளம் காண்கிறது என்று விளக்கியது. அதை விளக்கும் பக்கங்களில் ‘மெஷின்’ என்ற சொல் மெல்ல நழுவிப் போவதை வாசகர் கவனிக்கலாம்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லால் பயனும் இருந்தது. மெஷின் என்றால் எங்கே ஆப்பு செருகினால் நிற்கும் என்று தேடலாம். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் எங்கே போய் உட்காருகின்றன என்று அணு அளவில் தெரிந்தது இந்த வடிவங்களால்தான். உருவகத்தை நம்பி வேலையில் இறங்குவது ஒன்று. அதுதான் உண்மை என்று ஒரு நோயாளியிடம் சொல்வது வேறு.

5

உருவ ஒற்றுமை நம்மை எவ்வளவு சுலபமாக ஏமாற்றும் என்பதற்கு எங்கள் பகுதியிலேயே ஒரு கதை உண்டு. 2020 அக்டோபரில் குன்னத்தில் மண் தோண்டிய இடத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸப் முழுக்கப் பரவியது. ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் செல்பி எடுத்தார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. 2009-ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக நிலவியலாளர்கள் அறிவித்திருந்தார்கள். ஆனால் குன்னத்துக் கற்களைப் பார்த்தவர்கள், இவை முட்டையில்லை, பழைய கடலடியில் அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றித் திரண்ட கல்லுருண்டைகள் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் பெரிய ஏமாற்றம்.

எனக்கு அந்த விளக்கம் முட்டையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அரியலூரும் பெரம்பலூரின் ஒரு பகுதியும் கிரெட்டேசியக் காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை. கல்லங்குறிச்சிப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா என்ற சிப்பியின் ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகள் பழையவை. அந்த ஓடு எப்படி வந்தது? சிப்பியின் சதைப் போர்வையில் இருக்கும் செல்கள் புரதங்களைக் கோத்து, வலைக்குள் அனுப்பி, மாற்றி, துகளில் கட்டி வெளியே விட்டன. இந்தக் கட்டுரையில் இன்சுலின் போன அதே பாதை. வெளியே வந்த புரதங்கள் விரித்த விரிப்பின் மேல் கடல்நீரின் கால்சியம் படிந்து ஓடானது. ஓட்டின் எடையில் புரதம் மிகச் சிறிய பங்கு. ஆனால் எங்கே படிய வேண்டும், எந்த வடிவில் படிய வேண்டும் என்பதற்கு அந்தச் சிறிய பங்கு வேண்டும்.

சிமென்ட் ஆலை அந்தக் கல்லை 1,450 டிகிரி வெப்பத்தில் சுட வேண்டியிருக்கிறது. சிப்பி அதைக் கடல்நீரின் வெதுவெதுப்பிலேயே செய்து முடித்திருந்தது.

எங்கள் ஆசிரியர் ஜன்னல் வழியே ஆலையைக் காட்டி, செல் அந்த மாதிரி என்றார். ஆலை அரைத்துக்கொண்டிருந்ததே செல்கள் சுரந்து வைத்துவிட்டுப் போனதைத்தான். என் பெஞ்சில் படிந்திருந்த வெள்ளைத் தூசியும் அதுதான். அதைச் சொல்லியிருந்தால் வகுப்பில் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டோம்.

6

சில வாரம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். சி-பெப்டைடு. இன்சுலினை மடிக்க உதவிவிட்டு வெட்டுப்பட்ட அந்த 31.

அது வெறும் கழிவாக மறைந்துவிடுவதில்லை. துகள் திறக்கும்போது இன்சுலினோடு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்தத்தில் கலக்கிறது, இன்சுலினைவிட நீண்ட நேரம் தங்குகிறது. 1982-லிருந்து சந்தைக்கு வந்திருக்கும், பாக்டீரியாவையும் ஈஸ்டையும் கொண்டு செய்யும் ஊசி இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. அதனால் ரத்தத்தில் அது இருந்தால் அந்த உடம்பு சொந்தமாகச் சுரந்திருக்கிறது என்று அர்த்தம். வெட்டி எறிந்த துண்டு சாட்சி சொல்கிறது.

முடிவு வந்தது. குறைவுதான், ஆனால் இருக்கிறது.

அன்று ராத்திரி ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டு அம்மாவிடம் விளக்கினேன். நீளமான சங்கிலி, முதல் வரியில் முகவரி, வெட்டு, மடிப்பு, இன்னொரு வெட்டு. தொழிற்சாலை என்ற சொல்லே வராமல் ஜாக்கிரதையாகப் பேசினேன். இத்தனை பக்கம் அதைத் திட்டி எழுதப் போகிறவன் இல்லையா. ஊசி போட்டால் மீதமிருக்கும் செல்களின் சுமை குறையும் என்பதையும் சொன்னேன்.

அம்மா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்ப மூடல.”

“மூடலம்மா.”

“ஆள் கொறைஞ்சுபோச்சு. இருக்கறவங்க ரெண்டு ஷிப்ட் பாக்குறாங்க. ஊசி போட்டா அவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. அதானே?”

நான் துரத்திவிட்ட உருவகத்தை அவள் உள்ளே கூப்பிட்டு, பழுது பார்த்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். ஷிப்ட் என்ற ஒரு சொல்லில் எண்டோபிளாச வலையின் நெருக்கடி முழுதும் வந்துவிட்டது. மருத்துவரின் வாக்கியத்தில் ஆலை மட்டும்தான் இருந்தது, ஆட்கள் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த ஆலையில் ஆட்கள் உண்டு. என் மாமா உண்டு.

உருவகத்தை ஒழித்துவிட்டு அறிவியலைப் பேச முடியும் என்று நான் இப்போது நம்புவதில்லை. அதை ‘ஆனால்’ என்ற சொல்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘ஆனால்’ இல்லாமல் கொடுத்தால் ஒரு மனுஷி பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பேசாமல் வருவாள்.

காலண்டர் தாளை அம்மா தூக்கிப் போடவில்லை. பிரிட்ஜில் இன்சுலின் குப்பி வைத்திருக்கும் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறாள். காலை ஏழரைக்கு முதல் ஊசி. போடும்போது இப்போதெல்லாம் என்னிடம், “மொத ஷிப்டுக்கு ஆள் விட்டாச்சு” என்கிறாள்.